உலகின் மிகப் பெரிய நீர்மின் அணைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நீர்மின் அணைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் என்னிடம் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

உலகத்திலேயே பெரிய நீர்மின் அணை எது? ஒரே வரியில சொல்லுங்களேன்.

சீனாவில் யாங்சே ஆற்றின் குறுக்கே நிற்கும் த்ரீ கோர்ஜஸ் அணை. அதன் மின் உற்பத்தித் திறன் 22,500 மெகாவாட். தலா 700 மெகாவாட் திறனுள்ள 32 இயந்திரங்களும், நிலையத்தின் சொந்தத் தேவைக்காக 50 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டும் அங்கே இருக்கின்றன. 1994-ல் கட்டத் தொடங்கினார்கள். 2003-ல் முதல் மின்சாரம் வந்தது. 2012-ல் பெரிய இயந்திரங்களில் கடைசியும் ஓட ஆரம்பித்தது.

ஒரு வரி கேட்டவருக்கு இது போதும். ஆனால் "பெரிய அணை" என்பதற்கு உயரம், ஏரியின் பரப்பு, தேங்கும் நீரின் அளவு, மின்திறன் என்று பல அளவுகோல்கள் உண்டு. எதை வைத்து அளக்கிறோமோ அதைப் பொறுத்து முதலிடம் மாறும். கீழே வரும் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மெகாவாட், யூனிட் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. மெகாவாட் என்பது ஒரு நிலையம் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு தர முடியும் என்ற திறன். யூனிட் என்பது உண்மையில் எவ்வளவு தந்தது என்ற கணக்கு. ஒரு மெகாவாட் இயந்திரம் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 1,000 யூனிட் கிடைக்கும். த்ரீ கோர்ஜஸ் முழுவதும் ஒரு மணி நேரம் அப்படி ஓடினால் 2.25 கோடி யூனிட்.

ஆனால் எந்த நீர்மின் நிலையமும் ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடுவதில்லை. ஆற்றில் வரும் தண்ணீர் அதற்கு இடம் கொடுக்காது. அதனால் மெகாவாட்டை மட்டும் பார்த்து "இது பெரிசு, அது சிறிசு" என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

அணை எவ்வளவு உயரமோ அவ்வளவு கரண்ட் வரும், சரியா?

பாதி சரி. ஒன்று தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, இன்னொன்று நொடிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் மின்சாரம். ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது ஒரு டன், 100 மீட்டர் கீழே இறங்கி நல்ல டர்பைன் வழியாகப் போனால் கால் யூனிட் அளவுக்குத்தான் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு நான்கு டன் தண்ணீர் வேண்டும். 700 மெகாவாட் இயந்திரம் ஒன்றை 100 மீட்டர் உயரத்தில் ஓட்ட, ஒவ்வொரு நொடியும் சுமார் 800 டன் தண்ணீர் அதற்குள் பாய வேண்டும். இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் பிரமிப்பாக இருந்தது. பெரிய நீர்மின் நிலையத்துக்கு ஏன் யாங்சே, தென் அமெரிக்காவின் பரனா போன்ற பெரிய ஆறுகள் வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சீனாவின் யாலோங் ஆற்றில் உள்ள ஜின்பிங்-1 அணையின் உயரம் 305 மீட்டர். திறன் 3,600 மெகாவாட். த்ரீ கோர்ஜஸின் உயரம் வெறும் 181 மீட்டர். உயரத்தில் தோற்றாலும் ஆறு மடங்குக்கு மேல் திறன் வைத்திருக்கிறது. காரணம் யாங்சேயின் வெள்ளம்.

முதல் ஐந்து இடங்களில் எவை? ஒவ்வொரு பட்டியலிலும் வேற வேற பேர் இருக்கு.

திறனை வைத்துப் பார்த்தால் த்ரீ கோர்ஜஸுக்கு அடுத்து சீனாவின் பைஹேதான் (16,000 மெகாவாட்), பிரேசில்-பராகுவே எல்லையில் பரனா ஆற்றில் உள்ள இட்டாய்ப்பு (14,000), மறுபடியும் சீனாவில் சிலுவோது (13,860), பிரேசிலின் பெலோ மோன்டே (11,233). அதற்குப் பின்னால் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டி வெனிசுவேலாவின் குரி அணையும் சீனாவின் வூதோங்தேயும் நிற்கின்றன. பட்டியல்கள் வேறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவற்றின் வயதுதான். பைஹேதானின் முதல் இயந்திரங்கள் 2021 ஜூனில்தான் ஓடின; 2022 டிசம்பரில்தான் பதினாறும் சேர்ந்தன. அதற்கு முன் எழுதிய பட்டியல்களில் இட்டாய்ப்பு இரண்டாம் இடத்தில் இருக்கும்.

பைஹேதானில் ஒரு இயந்திரத்தின் திறன் மட்டும் 1,000 மெகாவாட். உலகில் இதுவரை ஓடும் நீர்மின் இயந்திரங்களில் இதைவிடப் பெரியது இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று: வூதோங்தே, பைஹேதான், சிலுவோது மூன்றும் ஜின்ஷா ஆற்றில் இருக்கின்றன. ஜின்ஷா என்பது யாங்சேயின் மேல்பகுதிக்கு வழங்கும் பெயர். ஆக இவையும், இவற்றுக்குக் கீழே உள்ள சியாங்ஜியாபா, த்ரீ கோர்ஜஸ், கெசோபா அணைகளும் ஒரே ஆற்றில் படிக்கட்டுபோல நிற்கின்றன. மேலே சுழற்றிய அதே தண்ணீர் இறங்கி வந்து ஆறு இடத்தில் வேலை செய்கிறது. ஆறு நிலையங்களின் மொத்தத் திறன் ஏறத்தாழ 71,700 மெகாவாட்.

த்ரீ கோர்ஜஸ்தான் பெரிசுன்னா, இட்டாய்ப்புதான் அதிக மின்சாரம் தயாரிச்சதுன்னு எப்படிச் சொல்றாங்க?

இரண்டுமே உண்மை. இட்டாய்ப்பு 1984-லிருந்து மின்சாரம் தருகிறது. இதுவரை தந்த மொத்தத்தைக் கூட்டினால் 2024-ல் அது 3 லட்சம் கோடி யூனிட்டைத் தொட்டது. வேறெந்த நிலையமும் அந்த அளவை எட்டவில்லை. ஒரே ஆண்டுக் கணக்கிலும் 2016-ல் 10,310 கோடி யூனிட் தந்து சில ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2020-ல் நல்ல மழை பெய்து த்ரீ கோர்ஜஸ் 11,180 கோடி யூனிட் தந்தபோதுதான் அந்தச் சாதனை கைமாறியது.

திறனில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் உற்பத்தியில் ஏன் இத்தனை நெருக்கம்? 2016-ல் இட்டாய்ப்பு தன் திறனில் சுமார் 84 சதவீதம் ஓடியது. த்ரீ கோர்ஜஸ் தன் சாதனை ஆண்டிலேயே 57 சதவீதம்தான். யாங்சேயில் கோடை மழைக்காலத்தில் வெள்ளம் புரளும், குளிர்காலத்தில் வற்றும். பரனாவிலோ மேலே ஏகப்பட்ட அணைகள் இருப்பதால் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக இறங்கி வருகிறது. எனக்குத் தெரிந்து இட்டாய்ப்பு அளவுக்கு ஆற்றுக்குப் பொருத்தமாகத் திட்டமிட்ட பெரிய அணைகள் குறைவு.

ரெண்டு நாட்டுக்கும் பொதுவான அணைன்னா கரண்ட்டை எப்படிப் பங்கு போடுவாங்க?

சரிபாதி. 1973-ல் பிரேசிலும் பராகுவேயும் ஒப்பந்தம் போட்டன. மொத்தம் 20 இயந்திரங்கள். பத்து பராகுவேக்கு, பத்து பிரேசிலுக்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு. பராகுவேயில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அலைவது; பிரேசிலில் 60 ஹெர்ட்ஸ். அதனால் ஒரே அணைக்குள் பத்து இயந்திரங்கள் ஒரு கதியிலும் பத்து இன்னொரு கதியிலும் சுழல்கின்றன.

பராகுவே சிறிய நாடு. தன் பங்கு முழுவதையும் அதனால் பயன்படுத்த முடியாது. மீதியைப் பிரேசிலுக்கு விற்கிறது. ஆனால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஆயிற்றே? அதை நேர்மின்னோட்டமாக மாற்றி, 600 கிலோவோல்ட் கம்பிகளில் சுமார் 800 கிலோமீட்டர் தூரம் சாவோ பாலோ பக்கம் கொண்டுபோய், அங்கே 60 ஹெர்ட்ஸாக மாற்றிக்கொள்கிறார்கள்.

ஏரி எவ்வளவு பெரிசோ அவ்வளவு மின்சாரமா?

இல்லவே இல்லை. பரப்பில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி கானாவின் வோல்டா ஏரி, சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். அதை உண்டாக்கிய அகோசோம்போ அணையின் திறன் 1,020 மெகாவாட்தான். கொள்ளளவில் முதலிடம் சாம்பியா-ஜிம்பாப்வே எல்லையில் உள்ள கரிபா ஏரிக்கு, சுமார் 18,000 கோடி கன மீட்டர். த்ரீ கோர்ஜஸ் தேக்குவது 3,930 கோடி கன மீட்டர், பரப்பு சுமார் 1,080 சதுர கிலோமீட்டர்.

நிலம் தட்டையாக இருந்தால் தண்ணீர் பரவும், ஆழம் இருக்காது. இதற்கு மிக மோசமான எடுத்துக்காட்டு அமேசான் காட்டில் உள்ள பால்பினா அணை. இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் காட்டை மூழ்கடித்தார்கள். கிடைத்தது 250 மெகாவாட். இதைக் கட்டியிருக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

மழை பொய்த்துப்போனால் என்ன செய்வார்கள்?

கஷ்டம்தான். வெனிசுவேலா தன் மின்சாரத்தில் பெரும்பகுதிக்குக் குரி அணை ஒன்றையே நம்பி இருந்தது. 2016-ல் வறட்சியில் அதன் நீர்மட்டம் அபாய அளவை நெருங்கியபோது அரசு ஊழியர்களுக்கு வாரத்தில் இரண்டே நாள் வேலை என்று அறிவித்தார்கள். மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று நாட்டின் கடிகாரத்தையே அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைத்த கதை.

பெலோ மோன்டேயின் நிலைமை வேறு. அது பெரிய ஏரி வைத்துக்கொள்ளாமல் ஷிங்கு ஆற்றில் வருவதை வந்தபடி பயன்படுத்துகிறது. காடு மூழ்குவதைக் குறைப்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் வறண்ட மாதங்களில் ஷிங்கு மெலிந்துவிடும். அதனால் 11,233 மெகாவாட் திறன் இருந்தும் ஆண்டுச் சராசரியாக எதிர்பார்த்தது 4,571 மெகாவாட்தான். அந்தத் தண்ணீரையும் கால்வாய் வழியாகத் திருப்பிவிட்டதால் ஆற்றின் பெரிய வளைவில் வாழும் பழங்குடி மக்களுக்கு மீனும் போக்குவரத்தும் போயின.

த்ரீ கோர்ஜஸ் மின்சாரத்துக்காக மட்டும் கட்டியதா?

இல்லை. வெள்ளத் தடுப்புதான் முதல் காரணமாகச் சொல்லப்பட்டது. யாங்சே வெள்ளங்கள் கடந்த நூற்றாண்டில் மட்டும் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. கப்பல் போக்குவரத்து இன்னொரு நோக்கம். ஐந்து படிகள் கொண்ட கப்பல் பூட்டு (தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலைப் படிப்படியாக நகர்த்தும் தொட்டிகள்) வழியாகவும், 3,000 டன் கப்பலை அப்படியே தூக்கி வைக்கும் லிஃப்ட் வழியாகவும் கப்பல்கள் அணையைத் தாண்டுகின்றன.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மின்சாரத்துக்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும். உயரம் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கும். வெள்ளத்தைத் தாங்க ஏரி காலியாக இருக்க வேண்டும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் நீர்மட்டத்தை 175 மீட்டரிலிருந்து 145 மீட்டருக்கு இறக்கி, சுமார் 2,200 கோடி கன மீட்டர் இடத்தை வெள்ளத்துக்காக விட்டுவைக்கிறார்கள். மழை முடிந்ததும் மறுபடி நிரப்புகிறார்கள்.

அந்த அணை பூமி சுத்தறதையே மெதுவாக்கிடுச்சாமே?

கணக்குப்படி ஆமாம், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. அவ்வளவு தண்ணீரைக் கடல் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தால், கை விரித்த நடனக்காரரின் சுழற்சி குறைவதுபோல பூமியின் சுழற்சியும் துளி குறையும். நாசா விஞ்ஞானிகள் போட்ட கணக்கில் ஒரு நாள் 0.06 மைக்ரோ நொடி நீள்கிறது. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கின் நூற்றில் ஆறு. பெரிய நிலநடுக்கம் ஒன்று இதைவிட அதிகமாகவே மாற்றிவிடும்.

இவ்வளவு பெரிய அணை உடைஞ்சா என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. 1975 ஆகஸ்டில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் புயல் மழையில் பான்சியாவ் என்ற மண் அணையும் சுற்றிலும் இருந்த பல அணைகளும் உடைந்தன. பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள். த்ரீ கோர்ஜஸ் அப்படிப்பட்ட மண் அணை இல்லை. தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் கான்கிரீட் அணை.

ஆனால் அணை உடையாமலேயே பேரழிவு வரலாம். இத்தாலியின் வயோந்த் அணை 262 மீட்டர் உயரம். 1963 அக்டோபர் 9 இரவு பக்கத்து மலைச்சரிவு அப்படியே ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் குதித்துக் கீழே இருந்த லொங்காரோனே ஊரை அழித்தது. இறந்தவர்கள் சுமார் 2,000 பேர். அணை இன்றும் அங்கே நிற்கிறது.

இன்னொன்று ரஷ்யாவில். யெனிசெய் ஆற்றின் 6,400 மெகாவாட் சயானோ-ஷுஷென்ஸ்காயா நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் எண் டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அறுந்தன. பல மாதங்களாக அதிர்ந்து அதிர்ந்து உலோகம் களைத்துப்போயிருந்தது. தொள்ளாயிரம் டன்னுக்கு மேற்பட்ட சுழலி மேலே தூக்கி எறியப்பட்டது, இயந்திரக் கூடம் மூழ்கியது, 75 பேர் இறந்தார்கள். அங்கும் அணைக்கு ஒரு கீறலும் இல்லை. சுவர் உடையுமா என்று மட்டும் கேட்கிறோம். போல்ட்டுகளையும் பக்கத்து மலையையும் யார் பார்க்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

எத்தனை பேர் வீடு இழந்தாங்க? யாரும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க.

த்ரீ கோர்ஜஸுக்காக மட்டும் சுமார் 13 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். உலகம் முழுவதும் பெரிய அணைகளால் வீடிழந்தவர்கள் 4 கோடியிலிருந்து 8 கோடிவரை இருக்கலாம் என்று உலக அணைகள் ஆணையம் 2000-ல் மதிப்பிட்டது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் இத்தனை விலகி இருப்பதைப் பாருங்கள். நான்கு கோடி மனிதர்கள் கணக்கில் இருக்கிறார்களா இல்லையா என்பதே தெளிவில்லை. யூனிட்டைத் துல்லியமாக எண்ணும் நாம் ஆட்களை எண்ணவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1992-ல் சீன மக்கள் பேரவையில் த்ரீ கோர்ஜஸ் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 1,767 பேர் ஆதரித்தார்கள், 177 பேர் எதிர்த்தார்கள், 664 பேர் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். எதையும் ஏகமனதாக நிறைவேற்றும் அந்த அவையில் இது சாதாரண விஷயம் இல்லை.

மூழ்கியவை வீடுகள் மட்டும் இல்லை. ஃபூலிங் நகரின் அருகே வெண்கொக்குப் பாறை என்று ஒன்று இருந்தது. யாங்சே மிகவும் வற்றிய ஆண்டுகளில் மட்டும் வெளியே தெரியும். நீர்மட்டத்தைக் குறிக்க மீன் உருவங்களையும் குறிப்புகளையும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அதில் செதுக்கி வந்திருக்கிறார்கள். இப்போது அது நிரந்தரமாகத் தண்ணீருக்கு அடியில். சுற்றிலும் அருங்காட்சியகம் கட்டி, கண்ணாடி வழியாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள். பரனா ஆற்றின் குவைரா அருவிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. உலகின் மாபெரும் அருவிகளில் ஒன்று, 1982-ல் இட்டாய்ப்பு ஏரி நிரம்பிய இரண்டே வாரத்தில் காணாமல் போனது.

என்ன இருந்தாலும் நீர்மின்சாரம் சுத்தமானதுதானே?

நிலக்கரியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஆமாம். ஆனால் எல்லா அணையும் ஒன்றல்ல. வெப்பமண்டலத்தில் காட்டை வெட்டாமல் மூழ்கடித்தால் மரங்கள் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வெளிவரும். அது கரியமில வாயுவைவிட வெப்பத்தைப் பலமடங்கு பிடித்து வைக்கும். பரப்பு பெரிதாகவும் மின்சாரம் சிறிதாகவும் இருக்கும் பால்பினா போன்றவை இந்தக் கணக்கில் தோற்றுவிடும். ஆழமான பள்ளத்தாக்கில், குறைந்த பரப்பில் நிற்கும் அணைகள் நன்றாகவே தேறும்.

மீன்களின் கணக்கு வேறு. அமெரிக்காவின் கிராண்ட் கூலி அணையில் மீன்கள் ஏற வழியே வைக்கவில்லை. அதற்கு மேலே கொலம்பியா ஆற்றில் சால்மன் வருவது நின்றே போனது. யாங்சேயின் துடுப்புமீன் முட்டையிட மேலே போக முடியாதபடி 1981-ல் கெசோபா அணை வழியை அடைத்தது. அந்த மீன் இனம் அழிந்துவிட்டதாக 2022-ல் அறிவித்தார்கள். அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் ஒரு காரணம்தான். ஆனால் அணையின் பங்கை மறைக்க முடியாது.

வண்டல் சேர்ந்து ஒருநாள் தூர்ந்துபோகாதா?

போகும். எத்தனை நாளில் என்பதுதான் கேள்வி. மஞ்சள் ஆற்றில் 1960-ல் முடிந்த சன்மென்சியா அணை சில ஆண்டுகளிலேயே வண்டலால் நிறைந்து, மதகுகளை மாற்றிக் கட்ட வேண்டிய நிலைமை வந்தது. அந்தப் பாடத்தால்தான் த்ரீ கோர்ஜஸில் கலங்கல் வெள்ளத்தை வெளியே விட்டுவிட்டு, தெளிந்த தண்ணீரைத் தேக்குகிறார்கள். மேலே சொன்ன 145 மீட்டர் ஏற்பாடு இதற்கும் உதவுகிறது. ஜின்ஷா அணைகள் வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. அப்புறம் கீழே கழிமுகத்துக்கு மண் போய்ச் சேராமல் கரை அரிக்கிறது. அது இன்னொரு தலைவலி.

மேலே இருக்கிற நாடு தண்ணீரை நிறுத்திட்டா கீழே இருக்கிறவங்க கதி?

எத்தியோப்பியா நீல நைலில் கட்டிய மறுமலர்ச்சி அணை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 5,150 மெகாவாட், ஆப்பிரிக்காவில் இதுதான் பெரியது. பெரும்பகுதிப் பணம் சொந்த மக்களிடம் கடன்பத்திரமாகவும் நன்கொடையாகவும் திரட்டியது. எகிப்து ஏறக்குறைய முழுவதும் நைலையே நம்பி வாழும் நாடு. அதன் பயம் நியாயமானது. 1959-ல் எகிப்தும் சூடானும் நைல் நீரைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டபோது, அதில் பெரும்பங்கு புறப்படும் எத்தியோப்பியாவை யாரும் கேட்கவில்லை. அதன் கோபமும் நியாயமானது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் எடுப்பதால் தண்ணீர் குறையாது. ஆவியாவது போக மீதி கீழே போய்த்தான் ஆக வேண்டும், போனால்தான் டர்பைன் சுற்றும். பிரச்சினை ஏரியை முதன்முதலாக நிரப்பும் ஆண்டுகளிலும், தொடர்ந்து வறட்சி வரும் ஆண்டுகளிலும்தான். அந்த ஆண்டுகளில் எவ்வளவு விடுவது என்று எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அணை திறக்கும் நாள்வரை அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

த்ரீ கோர்ஜஸை மிஞ்சி இன்னொண்ணு வருமா?

வேலை தொடங்கிவிட்டது. திபெத்தில் யார்லுங் சாங்போ ஆறு நம்சா பர்வா மலையைச் சுற்றி வளைந்து, ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 2,000 மீட்டர் இறங்குகிறது. மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தண்ணீரைக் கொண்டுபோய் ஐந்து மின் நிலையங்கள் அமைக்கும் திட்டத்தை 2025 ஜூலையில் சீனா தொடங்கியது. செலவு 1.2 லட்சம் கோடி யுவான். எதிர்பார்க்கும் உற்பத்தி ஆண்டுக்கு 30,000 கோடி யூனிட், த்ரீ கோர்ஜஸைப்போல மூன்று மடங்கு. ஐந்து நிலையங்களையும் ஒன்றாக எண்ணுவதா தனித்தனியாக எண்ணுவதா என்று பட்டியல் போடுகிறவர்கள் அப்போது மறுபடியும் சண்டை போடுவார்கள். அதே ஆறுதான் கீழே பிரம்மபுத்திரா என்ற பெயரில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் வருகிறது என்பதால் நைல் பற்றிச் சொன்ன அத்தனையும் இங்கேயும் பொருந்தும்.

காகிதத்தில் இன்னொன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது: காங்கோ ஆற்றின் இங்கா. நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி வரும் ஆறு என்பதால் வடக்கில் மழை இல்லாதபோது தெற்கில் பெய்யும். ஆண்டு முழுவதும் நீர் வரத்து குறையாது. நொடிக்குச் சுமார் 40,000 கன மீட்டர். 40,000 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். இன்று அங்கே நிற்பவை 1972-ல் வந்த 351 மெகாவாட் நிலையமும் 1982-ல் வந்த 1,424 மெகாவாட் நிலையமும்தான்.